வாசகர் கேள்வி பதில்: ஏ.ஐ. பங்கு வாங்க நினைப்பவர்களுக்கு

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொழில்நுட்பப் பங்குகள், செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.) சார்ந்த பங்குகள் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். காசு விஷயம் என்பதால் எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை.

● ஏ.ஐ. சிப் விற்கிற அமெரிக்காவின் என்விடியா நிறுவனப் பங்கை இப்போது வாங்கி, பத்து வருடத்துக்குத் தொடாமல் வைத்திருந்தால் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்கிறார் எங்கள் பாடசாலையில் ஒருவர். ஏ.ஐ. வளரும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. வாங்கலாமா?
– ஓர் ஆசிரியை, பண்டாரவளை

ஏ.ஐ. வளரும் என்பதில் எங்களுக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு தொழில் வளர்வது வேறு, அதன் பங்கை வாங்கியவர் கையில் காசு சேர்வது வேறு. நடுவில் நிற்பது நீங்கள் கொடுக்கிற விலை.

சிஸ்கோவைப் பாருங்கள். இணையம் ஓடுவதற்கு வேண்டிய ரவுட்டர், சுவிட்ச் பெட்டிகளைச் செய்கிற அமெரிக்க நிறுவனம். 2000 மார்ச்சில் அதன் பங்கு 80 டொலர். இணையம் உலகத்தையே மாற்றப்போகிறது என்று அன்று சொன்னார்கள், அப்படியே நடந்தது. நிறுவனமும் நன்றாகத்தான் வளர்ந்தது: 2000இல் சுமார் 19 பில்லியன் டொலராக இருந்த வருட விற்பனை, 2024இல் 54 பில்லியனுக்குக் கிட்ட வந்துவிட்டது. பங்கு விலையோ 2002இல் 10 டொலருக்குக் கீழே இறங்கியது. பழைய 80 டொலரைத் தாண்ட 2025 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டி வந்தது. கணிப்பு சரி, நிறுவனம் சரி, கொடுத்த விலை பிழை. அதே சரிவில் அமேசனும் 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, பிறகு விழுந்ததைப்போலப் பல மடங்கு ஏறியது. எது சிஸ்கோ, எது அமேசன் என்று 2000இல் ஒருவர் நெற்றியிலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

விலையை எப்படிப் பார்ப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பங்குக்கு வருட இலாபம் 10 டொலர், பங்கு விலை 400 டொலர் என்று வையுங்கள். இலாபத்தைப்போல 40 மடங்கு கொடுக்கிறீர்கள். இலாபம் வருடத்துக்கு 15 சதவீதம் வளர்ந்தால் பத்து வருடத்தில் அது 40 டொலரைச் சற்றே தாண்டும். அதற்குள் வேகம் தணிந்திருக்கும். சந்தை 40 மடங்கு தராது, 20 மடங்கு தரும் என்று எடுத்துக்கொண்டால் விலை 810 டொலர். பத்து வருடத்தில் இரண்டு மடங்கு, வருடத்துக்கு 7 சதவீதம் சொச்சம். இலாபம் 25 சதவீதப்படி வளர்ந்தால் 1,860 டொலர், நாலரை மடங்கு. 8 சதவீதம்தான் வளர்ந்து, மடங்கும் 15ஆக இறங்கினால் 324 டொலர். நிறுவனத்தின் இலாபம் இரண்டு மடங்கான பிறகும் உங்களுக்கு நட்டம். வாங்க நினைக்கும் எந்தப் பங்குக்கும் இந்த மூன்று கணக்கையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நடுக்கணக்கு திருப்தி தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இனி என்விடியா. அதன் நிதி வருடம் ஜனவரிக் கடைசியில் முடியும். 2023 ஜனவரியில் முடிந்த வருடத்தில் விற்பனை 27 பில்லியன் டொலர், 2025 ஜனவரியில் முடிந்த வருடத்தில் 130 பில்லியன். இப்படி ஒரு வளர்ச்சி அபூர்வம். ஆனால் வாங்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். மைக்ரோசொப்ட், அமேசன், கூகுள், மெட்டா போன்ற ஒரு சிலரின் கட்டளைகளில்தான் பெரும்பகுதி தொங்குகிறது. அந்த நால்வரும் தங்களுக்கென்று சொந்தமாகச் சிப் வடிவமைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். சிப்பைச் செய்து கொடுப்பது தாய்வானின் டி.எஸ்.எம்.சி.; அதற்கு வேண்டிய, சிப்பில் மிக நுண்ணிய வடிவங்களை ஒளியால் பதிக்கும் ஈ.யூ.வி. இயந்திரத்தை உலகத்திலேயே நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். மட்டும்தான் செய்கிறது. இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி இறுகினாலும் எல்லோருக்கும் வலிக்கும். 2025 ஜனவரி 27ஆம் திகதி, சீனாவின் டீப்சீக் நிறுவனம் குறைந்த செலவில் ஏ.ஐ. மொடல் செய்ததாகச் செய்தி பரவியதும், இனி இவ்வளவு சிப் தேவைப்படாதோ என்ற பயத்தில் என்விடியா ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்தது. அதற்கு முன், 2021 நவம்பர் தொடங்கி 2022 ஒக்டோபருக்குள் அதன் விலையில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்திருந்தது. பத்து வருடம் தொடாமல் வைத்திருப்பேன் என்கிறவர், இலட்சம் ரூபா 35,000 ஆகும்போதும் தொடாமல் இருக்க வேண்டும்.

சிப் வாங்குகிற பெரிய நிறுவனங்களின் கணக்கில் இன்னொரு இடத்தையும் கட்டாயம் பாருங்கள்: தேய்மானம், அதாவது இயந்திரத்தின் விலையை அது உழைக்கும் வருடங்களுக்குப் பிரித்துச் செலவாக எழுதுவது. 60 டொலர் சேர்வர் கணினி ஒன்றை ஆறு வருடத்துக்கு உழைக்கும் என்று எழுதினால் வருடச் செலவு 10 டொலர். மூன்று வருடம்தான் என்றால் 20 டொலர். பெட்டி அதே பெட்டி, இலாபம் மட்டும் மாறுகிறது. 2025 ஜனவரியில் அமேசன் தன் சேர்வர்களில் ஒரு பகுதியின் ஆயுளை ஆறிலிருந்து ஐந்து வருடமாகக் குறைத்தது; ஏ.ஐ. தொழில்நுட்பம் மாறுகிற வேகத்தைக் காரணமாகச் சொன்னது. அதே மாதத்தில் மெட்டா தன்னுடையதை ஐந்தரை வருடமாக நீட்டியது. இருவரில் ஒருவர் இலாபத்தைக் கூட்டிக் காட்டுகிறார் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் இலாப எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்குப் போவீர்கள். காசோட்டக் கூற்றில் தொழிலில் வந்த காசு எவ்வளவு, அதில் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போனது எவ்வளவு என்று பாருங்கள். மிச்சம்தான் பங்குக்காரரின் காசு. அமெரிக்க நிறுவனங்களின் வருடாந்த அறிக்கை, '10-கே' என்ற பெயரில், அந்நாட்டுப் பங்கு ஆணைக்குழுவின் எட்கர் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: பிள்ளை நாலைந்து வருடத்தில் பல்கலைக்கழகம் போவதென்றால் அந்தக் காசு இதற்கு ஆகாது. பத்து வருடம் உண்மையிலேயே இருக்கிறதென்றால், ஒரே நிறுவனத்தில் உங்கள் மொத்தச் சேமிப்பின் 5 சதவீதத்துக்கு மேல் போடாதீர்கள். அதுவும் சட்டப்படி வாங்க வழி இருந்தால் மட்டும். அது மூன்றாவது கேள்வியில் வருகிறது.

● 1,200 டொலர் விற்ற என்விடியா 120 டொலருக்கு மலிந்துவிட்டதே, இது வாங்குவதற்கு நல்ல சமயமா?
– க.பொ.த. உயர்தர மாணவர், பதுளை

மலியவில்லை தம்பி. 2024 ஜூனில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தார்கள். ரொட்டியைப் பத்தாகப் பிய்த்தால் ரொட்டி மலியாது. 10 ரூபாப் பங்கு 500 ரூபாப் பங்கைவிட விலை கூடியதாக இருக்கலாம். பார்க்க வேண்டியது, மொத்தப் பங்குகளின் பெறுமதி இலாபத்தைப்போல எத்தனை மடங்கு என்பதை.

● கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் கிரெடிட் கார்ட் மூலம் அமெரிக்கப் பங்கு வாங்கலாம் என்கிறார்கள். நண்பர் ஒருவர் வாங்கியும் இருக்கிறார். பிரச்சினை வருமா?
– தனியார் நிறுவன ஊழியர், ஹட்டன்

வரும். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்படி, இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டுப் பங்கு வாங்குவது மூலதனக் கொடுக்கல் வாங்கல். உரிமம் பெற்ற வர்த்தக வங்கி ஒன்றில் அதற்கென வெளிமுக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டில் முதலிடுவதற்கான கணக்கு) திறந்து, அதன் வழியாகத்தான் காசு போக வேண்டும். கார்ட், பொருள் வாங்க, ஹோட்டலுக்குக் கட்ட, பாடநெறிக் கட்டணம் செலுத்த என்று நடைமுறைச் செலவுகளுக்குத் தரப்பட்டது. கார்ட் வேலை செய்தது என்பதால் அது சட்டப்படி சரி என்று ஆகாது.

2020இல் டொலர் நெருக்கடி தொடங்கியதிலிருந்து இந்த வெளிமுக முதலீடுகளுக்குக் கட்டுப்பாடுகள் போடப்பட்டு, கட்டளைகள் காலத்துக்குக் காலம் மாறிவருகின்றன. ஆகவே போன வருடம் ஒருவருக்குக் கிடைத்த பதிலை நம்பாதீர்கள். உங்கள் வங்கியின் வெளிநாட்டுச் செலாவணிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: தனிநபருக்கு இன்று என்ன வரம்பு, எந்த வகைப் பங்கு அல்லது நிதியத்துக்கு அனுமதி, விற்ற காசு எந்தக் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும். கிளையில் கவுண்டரில் கேட்டால் பலருக்குத் தெரியாது. கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்புவார்கள். பொறுமையாக இருங்கள்.

இன்னொன்று. சில செயலிகளில் என்விடியா என்று பெயர் போட்டிருக்கும், ஆனால் நீங்கள் வாங்குவது பங்கு அல்ல, சி.எஃப்.டி. எனப்படும் விலை வித்தியாச ஒப்பந்தம். 100 டொலர் கட்டி 500 டொலருக்கு விளையாட விடுவார்கள். விலை 20 சதவீதம் இறங்கினால் கட்டிய 100உம் போய்விடும், பிறகு ஏறினாலும் உங்களுக்கு ஒன்றும் இல்லை. 2018இல் ஐரோப்பிய ஒழுங்குபடுத்துநர்கள் பார்த்தபோது, இப்படி வர்த்தகம் செய்த சிறு முதலீட்டாளர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நட்டத்தில் இருந்தன. நீண்டகால முதலீட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உங்கள் நண்பரிடம் இருப்பது எது என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

● கொழும்புச் சந்தையிலேயே ஏ.ஐ., தொழில்நுட்பப் பங்கு வாங்க முடியாதா? கணக்கு எப்படித் திறப்பது, செலவு எவ்வளவு? மாதம் 10,000 ரூபா ஒதுக்கலாம்.
– வங்கி உதவியாளர், தலவாக்கலை

ஏ.ஐ. பங்கு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது கொழும்பில் இல்லை. பெயர் கேட்ட நம் நாட்டு மென்பொருள் நிறுவனங்கள் வெளியார் கைக்குப் போய்விட்டன: மில்லேனியம் ஐ.டி.யை 2009இல் லண்டன் பங்குச் சந்தை வாங்கியது, டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தை 2024இல் சுவீடனின் ஈ.கியூ.டி. எடுத்தது. சந்தையில் மிஞ்சியிருப்பவற்றுள் மனிதவள மென்பொருள் செய்யும் எச்செனிட் 2021இல் பட்டியலுக்கு வந்த சிறு நிறுவனம். டயலொக்கும் ஸ்ரீலங்கா டெலிகொமும் தொலைத்தொடர்பு. இரண்டிலும் கம்பம், கேபிள், அலைவரிசைக்கு வருடா வருடம் பெருங்காசு போகும். டொலர் கடனும் பெரிய விஷயம்: 2022இல் ரூபா 200இலிருந்து 360க்குச் சரிந்தபோது டயலொக் அந்த வருடத்தை நட்டத்தில் முடித்தது. வாடிக்கையாளர் ஓடிப்போனதால் வந்த நட்டம் அல்ல அது, செலாவணி மாற்று நட்டம். ஆகவே தொலைத்தொடர்புப் பங்கு பார்க்கும்போது கடன் எந்த நாணயத்தில் என்ற குறிப்பை முதலில் தேடுங்கள். டெலிகொமில் திறைசேரியிடம் 49.5 சதவீதமும் இன்னொரு பெரும் பங்காளியிடம் ஏறக்குறைய 45 சதவீதமும் இருப்பதால் பொதுமக்கள் கையில் சுற்றுவது கொஞ்சம்தான்.

கணக்குத் திறக்க: கொழும்பு பங்குச் சந்தையின் செயலி தமிழிலும் இருக்கிறது. அதில் ஒரு தரகர் நிறுவனத்தைத் தெரிவுசெய்து, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம், முகவரிச் சான்று கொடுத்தால் மத்திய வைப்புத் திட்டக் கணக்கு, அதாவது சி.டி.எஸ். கணக்கு திறக்கப்படும். பங்கு இருப்பது அந்தக் கணக்கில், உங்கள் பெயரில். தரகரின் பெயரில் அல்ல. தோட்டத்தில் வசிப்பவர்களுக்கு இடறுவது முகவரிச் சான்று. மின்சாரப் பட்டியல் வேறொருவர் பெயரில் இருக்கும், கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்கு வரும். உங்கள் பெயரும் முகவரியும் உள்ள வங்கிக்கூற்று அல்லது கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் போதுமா என்று தரகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்தும் வங்கிப் புத்தகத்தில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும்; முதற்பெயர் எழுத்து ஒன்று வித்தியாசப்பட்டாலும் திருப்பி அனுப்புவார்கள்.

செலவு: தரகு, சந்தைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது 1.12 சதவீதம். 50,000 ரூபாவுக்கு வாங்கினால் 560, அதே விலைக்கு விற்றால் இன்னும் 560. விலை 2.24 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் உங்களுக்கு ஒரு சதம். மாதத்துக்கு ஒரு தடவை வாங்கி விற்கிறவர் வருடத்தில் முதலின் கால்வாசிக்கு மேல் கட்டணமாகவே கட்டுகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே நீண்டகாலம் வைத்திருப்பவர் முன்னால் நிற்கிறார்.

வாங்குகிறபோது சந்தை விலைக்கு என்று விட்டுவிடாதீர்கள். சிறு பங்குகளில் வாங்க நிற்பவர் 24.10 சொல்வார், விற்க நிற்பவர் 24.90 சொல்வார். இடைவெளியே 3 சதவீதம். நீங்கள் தரத் தயாரான விலையை வரம்பாகக் குறித்து, ஆள் வரும்வரை காத்திருங்கள்.

மாதம் 10,000 ரூபாவுக்கு எங்கள் யோசனை: பிணையங்கள் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற பங்கு சார்ந்த கூட்டு நிதியம் (பலரின் காசைச் சேர்த்துப் பல பங்குகளில் போடுவது) ஒன்றில் 7,000, தனிப் பங்குக்கென 3,000 சேர்த்துவைத்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரே கட்டளையாக வாங்குங்கள். நகையை அடகு வைத்தோ தரகர் தருகிற கடனிலோ வாங்க வேண்டாம். வட்டி மாதா மாதம் வரும், பங்கு விலை உங்கள் தவணையைப் பார்த்து ஏறாது.

● வீட்டுக்காரர் ஓய்வுபெற்று ஈ.பி.எஃப். காசு 14 இலட்சம் வந்திருக்கிறது. ஏ.ஐ. ரோபோ வர்த்தகம் செய்து நாளுக்கு 2 சதவீதம் தரும் என்று ஒரு வட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்கிறான் தங்கச்சி மகன். இன்னும் கொடுக்கவில்லை. அவன் போட்ட 20,000க்கு இலாபம் எடுத்துக் காட்டினான்.
– தோட்டத் தொழிலாளி, மஸ்கெலியா

அம்மா, கொடுக்காதீர்கள். நாளுக்கு 2 சதவீதம் உண்மையாக இருந்தால் ஒரு இலட்சம் ரூபா ஒரே வருடத்தில் 13 கோடியைத் தாண்டும். அப்படி ஒரு ரோபோ வைத்திருப்பவன் மஸ்கெலியாவில் வந்து உங்கள் 14 இலட்சத்தைக் கேட்க மாட்டான். தங்கச்சி மகனுக்கு முதலில் கிடைத்த காசு, அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் போட்ட காசு. சின்னத் தொகையைத் திருப்பிக் கொடுப்பது பெரிய தொகையை வரவழைக்கத்தான். பிறகு காசு எடுக்கப் போனால் 'வரி கட்டு', 'கணக்கைச் சரிபார்க்கக் கட்டு' என்று இன்னும் கேட்பார்கள்; கட்டினாலும் வராது. ஆள் சேர்த்தால் தரகு என்ற பேச்சு இருந்தால் அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி அதை நடத்துவதும், அதில் ஆள் சேர்ப்பதும் குற்றம். தங்கச்சி மகனும் மாட்டுவார் என்று அவருக்கு அன்பாகச் சொல்லுங்கள், அவரும் ஏமாந்தவர்தான். மத்திய வங்கி இப்படியானவற்றின் பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது. 1935 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

அந்த 14 இலட்சம் எந்தப் பங்குக்கும் போகக்கூடாது, நல்ல பங்குக்கும்கூட. இரண்டு வங்கிகளில் நிலையான வைப்பாகப் பிரித்துப் போடுங்கள். ஏன் இரண்டு? வங்கி முறிந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். வட்டியில் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். உங்கள் வீட்டுக்காரரின் வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்பதால், வங்கியில் சுய பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிடிக்காமல் விடுவார்கள். வருடா வருடம் கொடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

● மகன் கட்டாரில் வேலை. அங்கிருந்தே அமெரிக்கப் பங்கு வாங்குகிறான். வரி ஏதும் உண்டா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நுவரெலியா

பங்கை விற்ற இலாபத்துக்கு, தன் நாட்டில் குடியிராத வெளிநாட்டவரிடம் அமெரிக்கா பொதுவாக வரி எடுப்பதில்லை. நிறுவனம் பகிர்ந்து கொடுக்கும் பங்கிலாபத்தில் 30 சதவீதம் பிடிக்கும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வரி உடன்படிக்கையில் அது 15 சதவீதம். ஆனால் மகன் வரி விஷயத்தில் கட்டார்வாசி என்றால் அந்தச் சலுகை பொருந்தாது. தரகரிடம் கொடுக்கும் டபிள்யூ-8பென் வரிப் படிவத்தில் நாட்டைச் சரியாக எழுதச் சொல்லுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று மரண வரி. அமெரிக்கக் குடியுரிமையோ வதிவிடமோ இல்லாத ஒருவர் இறக்கும்போது அவர் பெயரில் 60,000 டொலருக்கு மேல் அமெரிக்கப் பங்கு இருந்தால், மேலதிகத் தொகைக்கு 40 சதவீதம் வரை வரி விழலாம். அயர்லாந்தில் பதிவான சுட்டெண் நிதியங்கள் (ஒரு பங்குச் சுட்டெண்ணில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கிவைப்பவை) வழியாக அதே அமெரிக்கப் பங்குகளை வாங்கினால் இந்த வரி இல்லை, பங்கிலாபத்திலும் நிதியத்துக்குள் 15 சதவீதம்தான் போகும். மகனுடைய தொகை ஏறிக்கொண்டு போனால் இப்போதே அந்தப் பக்கம் திரும்புவது நல்லது. கணக்கு இலக்கம், தரகர் பெயர் இரண்டையும் உங்களிடமோ மருமகளிடமோ எழுதித் தரச் சொல்லுங்கள். தெரியாத கணக்கை யாரும் உரிமை கோர முடியாது.

● வாங்குவது பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது விற்பது?
– சிறு வியாபாரி, கொட்டகலை

வாங்குகிற அன்றே எழுதிவைக்க வேண்டிய பதில் இது. ஒரு கொப்பியில் ஒரு பங்குக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். திகதி, விலை, இலாபத்தைப்போல எத்தனை மடங்கு, ஏன் வாங்கினேன், எது நடந்தால் விற்பேன். 'விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே வாடிக்கையாளரிடம் போனால்', 'காசோட்டம் இரண்டு வருடம் தொடர்ந்து மறையானால்', இப்படிப் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். விலை இறங்கினால் விற்பேன் என்பது காரணம் அல்ல.

காரணம் கெடாமலே விற்க வேண்டிய சமயமும் உண்டு. மொத்தம் 10 இலட்சத்தில் ஒரு இலட்சத்துக்கு வாங்கிய பங்கு மூன்று இலட்சமாகி, மொத்தம் 12 இலட்சமாக நிற்கிறது என்று வையுங்கள். பத்தில் ஒன்றாக இருந்தது நாலில் ஒன்றாகிவிட்டது. அது பாதியானால் உங்கள் மொத்தச் சேமிப்பில் எட்டில் ஒன்று போகும். பாதியை, ஒன்றரை இலட்சத்தை விற்றுவிடுங்கள். கொழும்புச் சந்தையில் கட்டணம் 1,680 ரூபா. பட்டியலிட்ட பங்கை விற்ற இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. விற்ற திகதியையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.